துறைமுகத்துக்கு மூத்தவர்கள்

மூதூரிலிருந்து நேயர் ஒருவர் சென்ற மாதம் நமக்குக் கடிதமொன்றும் அதனுடன் சிறு பொட்டலமொன்றும் அனுப்பியிருந்தார். பிரித்துப் பார்த்தால், பெருவிரல் நகத்தளவான வெள்ளைக் கல். ஓரம் கத்திபோற் கூர்மை. வளவிற் கிணறு வெட்டியபோது ஓராள் ஆழத்திற் செம்மண்ணோடு வந்ததாம். "இதை உடைத்தது மனிதனா, எங்கள் மண்வெட்டியா? மனிதனெனின், ஆனி ஆடியிற் கச்சான் வீசி ஆட்டையும் மாட்டையும் வாட்டும் இவ்வூரில் அவன் எதைக் குடித்து உயிர் வாழ்ந்தான்? எக்காலமும் இவ்விடம் இப்படித்தான் காய்ந்து கிடந்ததா?" என்பன அவர்தம் கேள்விகள். கடைசிக் கேள்வி தம் மகளுடையது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். அச்சிறுமியின் கேள்வியே நமக்கு மிகப் பிடித்தது. அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

திருக்கோணமலை வட்டாரத்தின் சுவாத்தியம் யாவரும் அறிந்ததே. ஐப்பசியிலிருந்து தை வரை மழை பொழியும். மற்றைய மாதங்களில் வானம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். தென்மேற்கிலிருந்து எழும் காற்று தன் நீரையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவிற் கொட்டிவிட்டு, வெறுங்கையுடன், வெப்பக் கச்சானாக நம்மிடம் வந்து சேருகின்றது. கந்தளாயிற் குளம் கட்டியவர்கள் இக்கணக்கை நன்கு அறிந்திருந்தனர்.

இனி, பனிக்கட்டி யுகத்தில் என்ன நிகழ்ந்தது? வடதுருவப் பனி ஐரோப்பாவை மூடிக் கிடந்த காலத்தில் வெப்ப நாடுகளில் அடைமழை பெய்தது என்றே பழைய பாடநூல்கள் கூறின. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மை அதற்கு நேர் மாறு. ஆபிரிக்காவின் பண்டை ஏரிக் கரைகளிற் கிடந்த சிப்பிகளையும் சேற்றையும் 1960களிலும் 1970களிலும் கதிரியக்கக் காபன் முறையால் வயது கணித்தபோது, அவ்வேரிகள் நிரம்பி வழிந்தது பனி உருகியதற்குப் பின்னர், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்பு என்று தெரிந்தது. பனி உச்சத்தில் இருந்த காலத்தில், அதாவது சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன்பு, அவற்றுட் பல வற்றிக் கிடந்தன. குளிர்ந்த கடலிலிருந்து ஆவி குறைவாகவே எழும். ஆசியப் பெருநிலம் கோடையிற் போதிய வெப்பமடையாவிடின் கடற்காற்றை உள்ளிழுக்கும் வலிமையும் அதற்கு இராது. காரணம் இவ்வளவே.

பின்னர் மழை மிகுந்தமைக்குப் பூமியின் தள்ளாட்டமும் ஒரு காரணமாயிற்று. சுழலும் பம்பரம் தலையை மெல்ல ஆட்டுவதைப் பிள்ளைகள் கண்டிருப்பார்கள். பூமியும் அவ்வாறே ஆடுகின்றது. அதனால், பூமி சூரியனுக்கு மிக அண்மையில் வரும் பருவம் சுமார் 21,000 ஆண்டுகளில் ஒரு சுற்று மாறி வருகின்றது. இப்பொழுது அந்த அண்மை தை பிறப்பதற்குச் சற்று முன்பு, சனவரித் தொடக்கத்தில் நேர்கின்றது. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்பு அது வடபாதியின் கோடையில் நேர்ந்தது; அன்றைய கோடை வெயில் இன்றையதைவிட ஏழு, எட்டுச் சதவீதம் மிகுதி. நிலம் கொதித்தது, பருவக்காற்று பெருகியது, சகாராப் பாலைவனம் புல்வெளியாயிற்று. அங்கே பாறைகளில் ஒட்டகச்சிவிங்கியையும் நீர்யானையையும் வரைந்தவர்கள் கனவு கண்டு வரையவில்லை. இத்தொடர்பைக் குட்ஸ்பாக் என்னும் அமெரிக்க அறிஞர் 1981இற் கணினியின் உதவியால் விளக்கினார்.

நம் தீவிலும் சான்றுகள் உண்டு. ஹோட்டன் சமவெளியின் சதுப்பு நிலத்தைத் துளைத்தெடுத்து, அடுக்கடுக்காகப் படிந்திருந்த மகரந்தத் துகள்களைப் பிரேமதிலகவும் ரிஸ்பேர்க்கும் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டனர். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய அடுக்குகளில் இருந்தவை அரைவறட்சி நிலத்துச் செடிகளின் துகள்கள்! இன்று மூடுபனியில் நனைந்து கிடக்கும் மலையுச்சி அன்று அப்படி இருந்தது. இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிட்டையில் அகப்பட்ட இரு பற்களைக் கொண்டு, இங்கே சிங்கம் வாழ்ந்ததென்று பி. ஈ. பி. தெரணியகல 1939இல் எழுதினார். சிங்கம் திறந்த வெளியில் வேட்டையாடும் விலங்கு. அட்டை கடிக்கும் இன்றைய ஈரக்காட்டில் அதற்கு என்ன வேலை?

ஆயினும் ஓர் எச்சரிக்கை. சகாரா செழித்தபோது திருக்கோணமலையும் செழித்தது என்று எவரேனும் கூறின் நாம் உடன்படமாட்டோம். சகாராவுக்கு மழை தந்தது கோடைப் பருவக்காற்று. நமக்கு மழை தருவது மாரிக்கால வாடை. கோடைக்காற்று வலுத்தால் நமக்கு மிஞ்சுவது கச்சானே. வங்காள விரிகுடாவின் அடியிற் படிந்த நுண்ணுயிர்களின் ஓடுகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் டுப்பிளெஸ்ஸி, பனிக்கட்டி யுகத்தில் தென்மேற்குக் காற்று தளர்ந்திருக்க வடகிழக்குக் காற்று வலுத்திருந்தது என்று 1982இல் எழுதினார். வறண்ட வெப்ப நாடுகள் யாவும் ஒரே தாளத்துக்கு ஆடின என்பது படம் வரைவோர்க்கு வசதியே தவிர வேறில்லை. ஆகவே சிறுமிக்கு நாம் தரும் விடை இது: இல்லை, அம்மா, எக்காலமும் இப்படி இருந்ததில்லை, ஆனால் மாற்றம் ஊருக்கு ஊர் வேறு.

சுவாத்தியத்தின் மாற்றம் மிகத் தெளிவாகத் தெரியுமிடம் நம் துறைமுகமே. நீரெல்லாம் பனியாக உறைந்து வடநாடுகளிற் கிடந்தமையால், அன்று உலகின் கடல்மட்டம் இன்றையதினும் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை உலர்ந்த தரை. இராமேசுவரத்துக்கு நடந்து போகலாம். கப்பல்கள் நங்கூரமிடும் நம் உட்துறைமுகம் நீரற்ற பள்ளத்தாக்கு. கொட்டியாரக்குடாவில் தொடங்கி மூவாயிரம் மீற்றருக்கும் ஆழமாக இறங்கும் கடலடிப் பள்ளம் ஒன்று உண்டல்லவா? அதன் தலைப்பகுதிவரை மகாவலி தரைமேல் ஓடியிருக்கும். அப்பள்ளம் முழுவதையும் மகாவலியே குடைந்ததென்று சிலர் கூறுவர். 120 மீற்றரே தாழ்ந்த கடல் அதற்கு இடந்தராது. பாறைப் பிளவுகளும் கடலடியிற் சரிந்தோடிய சேற்று வெள்ளமும் செய்த வேலை அது.

பனி உருகக் கடல் ஏறிற்று. உட்துறைமுகத்தினுள் நீர் புகுந்தது ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பு; பாக்கு நீரிணை மூழ்கித் தீவு தனித்தது சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பு. இதுதான் கடல்கோளோ என்று நேயர்கள் கேட்கக்கூடும். சராசரி கணக்கிட்டால் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றரளவே ஏறியது. ஓடிப் பிழைக்க வேண்டியதில்லை. ஆனால் பாட்டன் குடிசை போட்ட மணற்றிடரிற் பேரன் மீன் பிடித்திருப்பான். சுவாமிமலையின் அடியில் 1956இல் மைக் வில்சன் மூழ்கிக் கண்ட தூண்களை இதனோடு சேர்த்துக் குழப்பலாகாது; அவை 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்கள்.

கடல் புகுந்ததைக் காண மனிதர் இருந்தனரா? இருந்தனர். மேற்கே, பாகியன்கலைக் குகையில் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்தமை 2019இல் வெளியான ஆய்வால் உறுதியாயிற்று. அவர்கள் செய்த கருவிகள் பெரும்பாலும் வெண்கற் சிம்புகள். இன்னும் பழையன தெற்கேயுள்ள வறண்ட கரையோரத்தில் உண்டு. பத்திராஜவெலையிற் செம்மணலின் அடிப்பரலில் அகப்பட்ட கற்கருவிகளுக்கு ஷிரான் தெரணியகல கணித்த வயது சுமார் 1,25,000 ஆண்டு. அச்செம்மணற் படிவுக்கு வைத்த பெயர் நம் இரணைமடுவின் பெயரே. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிகளிலும் இத்தகைய செம்மணலில் நுண்கற்கருவிகள் கிடக்கின்றன. சொய்னரும் அல்ச்சினும் அவற்றைப் பற்றி 1956இல் எழுதினர்.

எதைக் குடித்து வாழ்ந்தான் என்ற கேள்விக்கும் ஷிரான் தெரணியகலவிடம் வியப்பான விடையொன்று உண்டு. கடந்த 1,30,000 ஆண்டுகளிற் சில காலங்களில், உலர்வலயத்திற் சதுர கிலோமீற்றருக்கு 0.8 முதல் 1.5 பேர் வரை வாழ்ந்திருக்கலாம், ஈரவலயத்திலோ 0.1 அல்லது அதனினும் குறைவு என்பது அவர் மதிப்பீடு. இருண்ட மழைக்காட்டில் உண்பதற்கு அகப்படுவது அரிது. பற்றைக்காடும் புல்வெளியும் களப்பும் உள்ள நம் பக்கத்தில் மானும் மரையும் மீனும் மட்டியும் உண்டு. நீர் சுருங்கினால் ஆற்றோரத்துக்குப் பெயர்ந்துவிடுவார்கள். காணியும் உறுதியும் இல்லாதவர்களுக்கு அது எளிது. நாம் பச்சாதாபப்படும் இவ்வறண்ட நிலம் அவர்களுக்கு விருப்பமான நிலமாயிருந்திருக்கின்றது.

இனி அந்தக் கல். அதன் ஒரு முகத்தில், அடிபட்ட இடத்துக்குக் கீழே சிறு புடைப்பு ஒன்று தெரிகின்றது. மனிதன் தட்டி உடைத்த கல்லில் அத்தகைய புடைப்பு இருப்பதுண்டு. மண்வெட்டியாலும் அது நேரலாம் என்பதால் நாம் தீர்ப்புக் கூறத் துணியவில்லை. கல்லைப் பதிவுத் தபாலிற் திருப்பி அனுப்பியுள்ளோம். நேயர் அதைக் கழுவாமல், எந்த ஆழத்தில், எந்நிற மண்ணில் அகப்பட்டதென்று ஒரு தாளில் எழுதி, அத்தாளையும் சேர்த்துத் தொல்பொருள் திணைக்களத்தாரிடம் ஒப்படைப்பாராக. கிணற்றின் பக்கச் சுவரைப் பூசுவதற்கு முன் மகளை ஒருமுறை இறக்கிக் காட்டவும். கயிறு பழையதானால் வேண்டாம்.