பசுமைப் போர்வையும் பறிபோகும் தீவும்

பெயர் என்பது பொருளைக் காட்டும் விளக்கு. அவ்விளக்கே பொருளை மறைக்கும் திரையாக மாறுமாயின், அத்திரையை விலக்கி உள்ளே நோக்குதல் அறிவுடையார் கடன். அண்மைக் காலத்தே வணிக உலகிலும் ஆட்சிக் கூடங்களிலும் பெருவழக்காய் வழங்கிவரும் 'எக்கோ ரிசார்ட்டு' என்னும் பெயர் அத்தகைய திரைகளுள் ஒன்று. அதனைச் 'சூழலுக்கு இசைந்த விடுதி' எனத் தமிழில் வழங்கலாம். தமிழில் வழங்கிய அந்நொடியே ஒரு கேள்வி எழுந்து முன்னிற்கும். சூழல் எவருடையது? இசைவு தந்தவர் எவர்? அயற்சொல்லுக்குள் பதுங்கியிருக்கும் பொய், தாய்மொழிச் சொல்லுக்குள் நெடுநேரம் பதுங்கியிருக்க இயலாது.

இக்கேள்வியைக் கேட்டே தீரவேண்டிய ஓரிடம் வங்கக் கடலில் உண்டு. அதுவே சிறிய அந்தமான் தீவு. அந்தமான் தலைநகருக்குத் தெற்கே ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில் கிடக்கும் அத்தீவின் பரப்பு ஏறத்தாழ 675 சதுர கி.மீ. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு காடு. பெரும்பகுதி கோடரி படாத பசுமை மாறா மழைக்காடு. 640 சதுர கி.மீ. ஒதுக்கக் காடாகவும், அதனுள் ஏறத்தாழ 450 சதுர கி.மீ. ஓங்கே என்னும் பழங்குடியினர்க்குரிய காப்பு நிலமாகவும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளன.

மூன்று கூறாக ஒரு தீவு

இத்தீவின் 'நிலைத்த வளர்ச்சி'க்கென நிதி ஆயோக்கு என்னும் நடுவணரசின் அமைப்பு உருவாக்கிய தொலைநோக்கு வரைவொன்று 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிச்சத்திற்கு வந்தது. அவ்வரைவு தீவின் 240 சதுர கி.மீ. பரப்பை மூன்று கூறாகப் பிரிக்கின்றது. கீழைக் கரையில் 102 சதுர கி.மீ. பரப்பில் பணத்துறை நகரமும் மருத்துவ நகரமும் வானூர்தி நகரமும் அமையும். அடுத்து, 85 சதுர கி.மீ. கன்னிக் காட்டில் திரைப்பட நகரமும் குடியிருப்பும் சுற்றுலாவுக்கான தனிப் பொருளியல் பகுதியும் எழும். மூன்றாவதாக, மேலைக் கரையில் 52 சதுர கி.மீ. கன்னிக் காடு 'இயற்கைப் பகுதி' எனப் பெயர் பெறும். அங்கே தனிச்சிறப்புடைய காட்டு விடுதி, இயற்கை நலம் பேணும் இடம், இயற்கையோடு ஒதுங்கி வாழும் இடம் என மூன்று இருக்கும்.

இவற்றோடு கடலடி விடுதிகள், சூதாட்டக் கூடங்கள், குழிப்பந்தாட்டத் திடல்கள், பன்னாட்டு வானூர்தி நிலையம், கரையோரமாய்த் தீவை வளைக்கும் 100 கி.மீ. சாலை, அச்சாலையையொட்டி விரைவுத் தொடரி என்று பட்டியல் நீள்கின்றது. சூதாட்டக் கூடத்திற்கும் காட்டு விடுதிக்கும் என்ன உறவு என்று வியப்போர் உண்டு. உறவு மிக நெருங்கியதே. காட்டு விடுதி என்னும் பசுமைப் போர்வை இல்லையெனில், சூதாட்டக் கூடத்தை மக்கள் முன் வைக்க எவருக்கும் துணிவு வாராது.

இதற்கு நிலம் எங்கிருந்து கிடைக்கும்? வரைவே விடை கூறுகின்றது. ஒதுக்கக் காட்டில் நூற்றுக்கு 32 பங்கைக் காப்பினின்றும் நீக்குதல். பழங்குடிக் காப்பு நிலத்தில் 138 சதுர கி.மீ. பரப்பை விலக்குதல். ஓங்கே மக்கள் தடையாக நிற்பின், தீவின் வேறு பகுதிக்கு அவர்களை மாற்றிவிடலாம் என்பதும் அதில் உண்டு. காலங்காலமாய் அம்மண்ணில் வாழ்வோர் 'தடை'. நாளை வந்து நான்கு நாள் தங்கிச் செல்வோர் 'விருந்தினர்'. இதுவோ சூழலுக்கு இசைவு?

இவ்வரைவுக்கு எதிராக முதற்குரல் எழுப்பியவர் ஒரு காட்டுத்துறை அலுவலரே. சிறிய அந்தமானின் கோட்டக் காட்டு அலுவலர் 2020 செப்டம்பர் 26-ஆம் நாளிட்டு எழுதிய மறுப்புக் குறிப்பில், கேட்கப்படும் காட்டு நிலத்தில் 20 இலக்கத்திற்கும் மேற்பட்ட மரங்கள் நிற்கின்றன என்றும், அழிவு நேர்ந்தால் மீட்க இயலாது என்றும், சூழல் தாக்க மதிப்பீடோ விரிவான நில வரைபடமோ இல்லாமையால் விளையும் கேட்டை அளந்து சொல்லவும் இயலாது என்றும் தெளிவுறுத்தினார். அரசின் ஊழியரே அரசுக்கு எழுதிய அச்சொற்கள் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கன.

காடும் ஆமையும்

மழைக்காட்டைக் கண்டோர் அம்மண் மிக்க வளமுடையதென்று எண்ணுவர். உண்மை வேறு. அதன் உரமெல்லாம் நிற்கும் மரத்திலும் உதிரும் இலையிலும் மக்கும் சருகிலும் இருக்கின்றது. மண்ணில் தங்குவது சிறிது. மரத்தை வெட்டினால் பெருமழை மேல்மண்ணை அரித்துக் கடலில் தள்ளும். அச்சேறு பவளத்திட்டின்மேல் படியும். ஒளியின்றிப் பவளம் மாயும். பவளத்தை அண்டி வாழும் மீனும் மாயும். ஆகவே காட்டின் ஓரத்தில் விடுதி கட்டிக் கடலின் அழகை விற்பேன் என்பவன், தான் விற்கும் பொருளையே தன் கையால் அழிக்கின்றான்.

தீவின் மேலைக் குடாவும் தெற்குக் குடாவும் ஏழுவரியாமை முட்டையிடும் மணற்கரைகள். கடலாமைகளுள் மிகப் பெரியது அதுவே. அங்கே முட்டையிட்ட ஆமைகளின் முதுகில் கருவி பொருத்தித் தொடர்ந்த ஆய்வாளர்கள், அவற்றுட் சில ஆத்திரேலியாவின் மேலைக் கடல்வரையும் வேறு சில ஆப்பிரிக்கக் கடற்பக்கம்வரையும் சென்றதைக் கண்டனர். அத்துணைத் தொலைவு நீந்தும் உயிர், முட்டையிட நாடி வருவது இருண்ட, ஆளரவமற்ற மணலையே. முட்டையினின்று வெளிப்படும் குஞ்சுகள் இரவில் எப்பக்கம் வெளிச்சம் மிகுதியோ அப்பக்கத்தைக் கடலெனக் கொண்டு ஓடும். காடு இருண்டும் கடல் விண்மீன் ஒளியால் வெளிறியும் இருக்கும்வரை அவ்வறிவு பிழைபடாது. கரையில் ஒரு விடுதியின் மின்விளக்கு எரியத் தொடங்கின், குஞ்சுகள் கடலை விட்டு விளக்கை நோக்கி ஓடும். விடிந்ததும் வெயிலிலும் பறவை வாயிலும் மடியும். இவ்வழிவுக்குத் தீய எண்ணம் எதுவும் வேண்டுவதில்லை. ஒரு விளக்கே போதும்.

அலை மறந்த சட்டம்

2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவையும் மோதியது. துறைமுக ஊராகிய 'அட்டு பே' பெருங்கேடுற்றது. நக்கவாரத்தின் தென்கோடி நிலம் 4 மீட்டருக்கு மேல் கடலுள் தாழ்ந்தது. ஆனால் 'தூகாங்கு' கழிமுகத்தில் வாழ்ந்த ஓங்கே மக்கள், கடலின் குறியறிந்து மேட்டுநிலம் ஏறி உயிர் பிழைத்தனர். அவர்களுக்கு அவ்வறிவைப் புகட்டியது அவர்தம் முன்னோர் வழிவந்த மரபே.

அவ்வலைக்குப் பதினைந்து ஆண்டு கழியுமுன் சட்டம் அதனை மறந்தது. கடற்கரைக்கும் கட்டடத்திற்கும் இடையே 200 மீட்டர் வெற்றிடம் வேண்டும் என்றிருந்த தடையைத் தளர்த்தி, 2019-ஆம் ஆண்டின் அறிவிக்கை அந்தமானின் பெரிய தீவுகளில் 50 மீட்டராகவும் சிறியவற்றில் 20 மீட்டராகவும் சுருக்கியது. தளர்த்தியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் சூழல் சுற்றுலாவும் ஒன்று. சூழலைக் காக்கப் பிறந்த சொல்லே கட்டடத்தைக் கடலின் வாய்க்கு அருகே இழுத்துச் சென்ற விந்தையை என்னென்பது!

மக்கள் தேய்ந்த கணக்கு

1901-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் ஓங்கே மக்கள் 672 பேர். 2011-ஆம் ஆண்டின் கணக்கில் 101 பேர். இடைப்பட்ட காலத்தில் அவர்கள்மேல் யாரும் போர் தொடுக்கவில்லை. 'வளர்ச்சி'யே வந்தது. 1957-இல் தீவு முழுவதும் அவர்க்குரிய காப்பு நிலமென அறிவிக்கப்பட்டது. பின்னர்க் குடியேற்றம், மரம் வெட்டல், எண்ணெய்ப்பனைத் தோட்டம் என ஒன்றன்பின் ஒன்றாய்ப் புகுந்தன. 1970-களில் காப்பு நிலத்தின் ஒரு பகுதி விலக்கப்பட்டது. வேட்டைக்குரிய காட்டுப்பன்றியும், தேனும், கிழங்கும், ஓடம் குடையும் பெருமரமும் அருகிய இடத்தில் மக்களும் அருகுதல் இயல்பே.

மக்கள் அருகினால் மொழி மாயும். 2010 சனவரியில் அந்தமானின் 'போ' மொழியைப் பேசிய இறுதி மூதாட்டி மறைந்தார். அவரோடு அம்மொழியும் மறைந்தது. ஓங்கே மொழியோ இன்று நூறு பேரளவினர் நாவில் மட்டும் உயிர் தாங்கி நிற்கின்றது. அம்மொழியில் காட்டின் ஒவ்வொரு செடிக்கும் காற்றின் ஒவ்வொரு திசைக்கும் உள்ள அறிவு, காட்டிலிருந்து அவர்களைப் பெயர்த்த மறுதலைமுறையில் வெறும் ஒலியாகிவிடும். தாய்மொழி என்னும் சொல்லின் பொருளுணர்ந்தோர்க்கு இதனினும் பெரிய துயரம் வேறு யாது?

தீவுகளின் பெயர்களைப் பாருங்கள். 2018 திசம்பரில் 'ஏவ்லாக்' என்னும் ஆங்கிலப் பெயர் 'சுவராச்சு துவீப்' ஆயிற்று. 'நீல்' என்பது 'சாகீது துவீப்' ஆயிற்று. ஆள்வோர் மொழி மாறியது; மண்ணின் மக்கள் இட்ட பெயர் திரும்பவில்லை. சிறிய அந்தமானுக்கு ஓங்கே மக்கள் வழங்கும் பெயர் 'கௌபோலம்பே'. அதனை எந்த விடுதியின் பெயர்ப்பலகை தாங்கப் போகின்றது?

சுற்றுலாவினர் வந்தால் பழங்குடியினர்க்கு நன்மை விளையும் என்பார்க்குச் சாரவா மக்களின் பட்டறிவு விடை கூறும். அவர்தம் காட்டை ஊடறுத்துச் செல்லும் அந்தமான் பெருஞ்சாலையின் அப்பகுதியை மூடுமாறு உச்ச நயன்மன்றம் 2002-இல் ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை. 2012-இல், ஊர்தியில் வந்தோர்க்காகச் சாரவாப் பெண்கள் ஆடவைக்கப்பட்ட படக்காட்சி உலகெங்கும் பரவி நாட்டைத் தலைகுனிய வைத்தது. விலங்குக் காட்சிச்சாலைக்குச் செல்வதுபோல் மாந்தரைக் காணச் செல்லும் இழிவு, சாலை இருக்கும்வரை இருக்கும். சிறிய அந்தமானில் போட எண்ணுவது 100 கி.மீ. சாலை.

அங்குக் குடியேறிய ஏழையர்க்கு வேலை வேண்டாவா என்பர் சிலர். வேண்டும், அது நேர்மையான கேள்வியே. குடியேறியோர் பலரும் தம் விருப்பின்றி ஏதிலியராய்க் கொண்டுவரப்பட்டவர்கள். பழி அவர்மேல் இல்லை. ஆனால் கடலடி விடுதியும் சூதாட்டக் கூடமும் அவர்க்கு முதலாளிமை தாரா. துடைப்பமும் தட்டுமே தரும். தம் வீட்டிலேயே சிலரைத் தங்கவைத்து உணவளிக்கும் உரிமையும், மருத்துவமனையும், ஒழுங்கான கப்பலும் கிடைத்தால் அவர்தம் வாழ்வு உயரும். உண்மையிலேயே சூழலுக்கு இசைந்த விடுதி உலகில் இல்லாமலும் இல்லை. ஆப்பிரிக்கக் கரையில், சான்சிபாருக்கு அருகே, சும்பே என்னும் சிறு தீவில் ஏழே குடில்கள். மழைநீரே புழங்குநீர், கழிவு மண்ணுக்கு உரம், காடும் பவளத்திட்டும் காப்பகம். ஏழு குடிலுக்கும் 240 சதுர கி.மீ. பரப்புக்கும் ஒரே பெயர் சூட்டுதல் மொழிக்கும் செய்யும் கேடு.

தமிழர் கடன்

இது தொலைவில் நடப்பது, தமிழர்க்கென்ன என்று இருந்துவிடல் ஆகாது. அரசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரத்தைக் குறிக்கின்றது. இலங்கையினின்று பெயர்க்கப்பட்ட மலையகத் தமிழர் சிலர் நக்கவாரத்தின் கச்சால் தீவில் தொய்வத் தோட்டத்திற்கெனக் குடியமர்த்தப்பட்டனர். அந்தமான் தலைநகருக்கு 2024-இல் 'சிரீ விசயபுரம்' எனப் பெயரிட்டபோது, சோழர் கடற்படைத்தளம் என்னும் பெருமை எடுத்துரைக்கப்பட்டது. சோழர் பெருமையைப் பிறர் பேசக் கேட்டு மகிழும் நேரத்தில், பெரிய நக்கவாரத்தில் 2021-இல் கலாத்தியாக் குடாவின் ஆமைக் காப்பகம் விலக்கப்பட்டதையும், 2022-இல் ஏறத்தாழ 130 சதுர கி.மீ. காட்டை அழிக்கும் பெருந்திட்டத்திற்கு இசைவு தரப்பட்டதையும் தமிழர் காணாதிருப்பின், அப்பெருமை வாயடைக்கும் இனிப்புத்துண்டாகவே முடியும்.

தன் மொழிக்கும் மண்ணுக்கும் உரிமை கேட்கும் இனம், தன்னினும் சிறிய இனத்தின் மொழியும் மண்ணும் பறிபோகையில் வாளா இருக்குமாயின், அதன் உரிமைக் குரலுக்கு வலுவில்லை. எண்ணிக்கையில் நூற்றுவர் என்பதால் உரிமையும் நூற்றில் ஒரு பங்காகிவிடாது. ஓங்கே மக்களின் காப்பு நிலம் ஓரடியும் குறைதல் கூடாது. அவர்தம் மொழியில் அவர்க்கு விளங்கச் சொல்லி, அவர் மறுக்கும் உரிமையோடு கேட்டாலன்றி எத்திட்டமும் அக்கரையில் இறங்குதல் கூடாது. இவ்விரண்டையும் வற்புறுத்திக் கேட்பது தமிழ் மக்களின் கடன். பசுமை என்னும் பெயரால் எவர் வந்து நின்றாலும், முதலில் அவர் கையைப் பாருங்கள்; அதில் விதை இருக்கின்றதா, கோடரி இருக்கின்றதா என்று!