தொக்கம் எடுக்கிறவரைத் திட்டுறதுக்கு முன்னாடி...

தேனி, கம்பம் பக்கம் யார்கிட்டயாவது "ஒரு மாசமா சாப்பிட்டது செமிக்கல, வயிறு கல்லு மாதிரி இருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க. ரெண்டு நிமிஷத்துல ரெண்டு வைத்தியம் கெடைக்கும். பெருசுங்க "தொக்கம் எடுத்துட்டு வாப்பா"ம்பாங்க. வயசுப் பசங்க "மெடிக்கல்ல ஒரு கேஸ் மாத்திரை வாங்கிப் போடுண்ணே"ம்பாங்க. முதல் ஆளு மூடநம்பிக்கை, ரெண்டாவது ஆளு விவரமானவர்னு நமக்கு நினைப்பு. ரெண்டு பேரும் செய்றது ஒரே தப்புதான்ங்கறது என் கட்சி. சில சமயம் ரெண்டாவது ஆளு பண்றதுதான் கூடுதல் ஆபத்துன்னும் சொல்லுவேன். திட்டணும்னு நினைக்கிறவங்க முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க. :-)

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். தொக்கம்ங்கறது, சாப்பிட்ட கறித்துண்டோ முடியோ வயித்துக்குள்ள எங்கயோ ஒட்டிக்கிட்டு மாசக்கணக்கா செரிக்காம கிடக்குங்கற நம்பிக்கை. அதை எடுக்கறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. ஒருத்தர் தொண்டையை நீவுவார், இன்னொருத்தர் குழல் வச்சு ஊதுவார், இல்ல உறிஞ்சுவார். கடைசியில தட்டுல ஒரு கறித்துண்டு வந்து விழும். "பாத்தியா, போன தீவாளிக்குத் தின்னது!"

அறிவியல் என்ன சொல்லுது? நல்லா இருக்கிற இரைப்பையில சாப்பாடு இறங்கி நாலு மணி நேரம் கழிச்சுப் பாத்தா பெரும்பகுதி குடலுக்குப் போயிருக்கும். அப்ப பத்துல ஒரு பங்குக்கு மேல மிச்சம் இருந்தாலே, இரைப்பை மெதுவா வேலை செய்யுதுன்னு டாக்டர்கள் கணக்கு வைப்பாங்க. இருக்கிற அமிலத்துக்கு தீவாளிக் கறி பொங்கல் வரைக்கும் தாங்காது. அப்படியே தங்கினாலும், கழுத்தை நீவி வெளிய எடுக்க அது பாக்கெட்டுல வச்ச சில்லறை கிடையாது.

அப்புறம் ஏன் "எனக்குக் கேட்டுச்சே"ன்னு இத்தனை பேர் சத்தியம் பண்றாங்க? அவங்க பொய் சொல்லல. நாள்பட்ட அஜீரணத்தோட குணமே ஏறி எறங்கறதுதான். ஒரு வாரம் படுத்தும், அடுத்த வாரம் தானா அடங்கும். ரொம்பப் படுத்தும்போதுதான் நாம வைத்தியத்துக்குப் போறோம். போயிட்டு வந்ததும் அதுவா எறங்குது. பேரு வைத்தியருக்கு. அது போக, ஒருத்தர் உக்கார வச்சு, என்ன சாப்பிட்டே, எங்க வலிக்குதுன்னு கேட்டு, கையை வச்சுப் பாக்கறாரு பாருங்க, அதுக்கே பாதி வலி குறையும். நம்ம ஊர்ல எத்தனை எடத்துல அந்தக் கேள்வியைக் கேக்கறாங்க?

இப்ப விவரமானவர் கதைக்கு வருவோம்.

ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகையறாதான் இப்போ எல்லார் வீட்டு டப்பாவிலயும் இருக்கிற கேஸ் மாத்திரை. இது கேஸுக்கான மாத்திரையே கிடையாது. இரைப்பையில அமிலம் சுரக்கிற பம்பை நிறுத்தற மாத்திரை. நல்ல மருந்து, சந்தேகமே வேண்டாம். அல்சருக்கும் நெஞ்செரிச்சலுக்கும் 1980களோட கடைசியில இது வந்ததுல இருந்து எத்தனையோ பேர் ஆபரேஷன்ல இருந்து தப்பிச்சிருக்காங்க. ஆனா இது ஷெட்யூல் ஹெச் மருந்து. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு சட்டம். நம்ம மெடிக்கல்ல "அண்ணே, ஒரு அட்டை"ன்னா வருது. பேஸ்ட் வாங்கற மாதிரி.

போடற விதமும் அதே லட்சணம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி, வெறும் வயித்துல போடணும். இங்க ரெண்டு பரோட்டாவும் சால்னாவும் உள்ள போன பிறகு, ஏப்பம் வரலைன்னு மேல ஒண்ணு போடறோம். நாலுலேருந்து எட்டு வாரம் பாத்துட்டு, இனி வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டிய மருந்தை நாலு வருஷம் போடறோம்.

இன்னொரு கூத்து இருக்கு. 2009ல டென்மார்க்ல 120 பேரை வச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு. எல்லாருமே வயித்துல எந்தக் கோளாறும் இல்லாதவங்க. பாதிப் பேருக்கு எட்டு வாரம் இந்த வகை மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் டம்மி. நிறுத்தின பிறகு, மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 44 சதவீதம் பேருக்கு எரிச்சல், அஜீரணம் வந்துச்சு. டம்மி கோஷ்டியில 15 சதவீதம்தான். பம்பை அடக்கி வச்சா, விட்ட உடனே அது எகிறி அடிக்குது. நாம என்ன நினைப்போம்? "பாத்தியா, மாத்திரை நிறுத்தினதும் வியாதி திரும்பிருச்சு." மறுபடியும் ஒரு அட்டை. மென்பொருள்ல இதை இன்ஃபினிட் லூப்ம்போம். தொக்கம் எடுக்கிறவர்கூட இப்படி ஒரு பிஸினஸ் மாடலைக் கண்டுபிடிக்கல. (ரொம்ப நாள் சாப்பிட்டவங்க இதைப் படிச்சிட்டு நாளைக்கே தூக்கிப் போட்டுறாதீங்க. டாக்டர்கிட்ட கேட்டு நிறுத்துங்க.)

அடுத்தது டோம்பெரிடோன் சேர்த்த கேப்சூல். இதயத்துடிப்புக் கோளாறு வரலாம்னு ஐரோப்பிய மருந்து வாரியம் 2014ல டோம்பெரிடோனுக்குக் கடிவாளம் போட்டுச்சு. வாந்தி, குமட்டலுக்கு மட்டும், அதுவும் பொதுவா ஒரு வாரத்துக்கு மேல வேண்டாம், உப்புசத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் கூடவே கூடாதுன்னாங்க. நம்ம ஊர்ல அது உப்புசத்துக்குத்தான் மாசக்கணக்குல ஓடுது. ரானிடிடின் இன்னொண்ணு. என்.டி.எம்.ஏ.ங்கற அசுத்தம் இருக்குன்னு 2020ல அமெரிக்காவுல சந்தையை விட்டே எடுக்கச் சொன்னாங்க. 2022ல இந்திய அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருந்தும் அது போயிருச்சு. மெடிக்கல்ல அட்டை வாங்கறவங்க எத்தனை பேருக்கு இதெல்லாம் தெரியும்?

சரி, என் முக்கியமான வாதம் மாத்திரையைப் பத்தினது இல்ல. எதுக்கு மாத்திரைங்கற கேள்வியைப் பத்தினது.

"செமிக்கல"ங்கறது ஒரு எர்ரர் மெசேஜ். அவ்வளவுதான். அதுக்குப் பின்னாடி பத்துக் காரணம் இருக்கலாம். கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நெறைஞ்சிடுறது, சாப்பிட்டு ரொம்ப நேரம் கனமா இருக்கிறது, மேல்வயித்துல வலி, எரிச்சல் - இந்த நாலுதான் டாக்டர்கள் கேக்கற குறி. என்டோஸ்கோப்பி பண்ணினா பாதிக்கு மேல ஆளுங்களுக்கு உள்ள எதுவுமே இருக்காது. அதுக்காக அது கற்பனைன்னு அர்த்தம் இல்ல. இரைப்பை விரியற விதத்துலயும், அதோட நரம்புகள் மூளைக்குச் சொல்ற விதத்துலயும் கோளாறு. கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடறது, எண்ணெயைக் குறைக்கறது, நடுராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தறது, தேவைப்பட்டா மன அழுத்தத்துக்குத் தர்ற மாத்திரையை ரொம்பக் கம்மி அளவுல தர்றதுன்னு அதுக்கு வழி இருக்கு.

மீதிப் பேருக்கு நிஜமாவே உள்ள ஏதாவது இருக்கும். அல்சர். பித்தப்பைக் கல். சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு இரைப்பை மந்தம். கொஞ்சப் பேருக்குப் புத்துநோய். அப்புறம் ஹெலிகோபாக்டர் பைலோரிங்கற கிருமி. அல்சருக்குக் காரணம் காரமும் கவலையும்தான்னு உலகமே நம்பிக்கிட்டு இருந்தப்ப, ஆஸ்திரேலியாவுல ராபின் வாரன், பேரி மார்ஷல்னு ரெண்டு பேர் இந்தக் கிருமிதான்னாங்க. யாரும் நம்பல. 1984ல மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடிச்சு, இரைப்பை அழற்சியை வரவழைச்சுக் காட்டினார். 2005ல ரெண்டு பேருக்கும் நோபல். இந்தக் கிருமி புற்றுநோய்க் காரணின்னு 1994லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவிச்சிருச்சு. நம்ம நாட்டுல வயசு வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு மேல இந்தக் கிருமி இருக்கு. எல்லாருக்கும் தொந்தரவு குடுக்காது. அல்சர் இருந்து இதுவும் இருந்தா, ரெண்டு ஆன்டிபயாடிக்கோட சேர்த்து பதினாலு நாள் மருந்துல பெரும்பாலும் முடிச்சிடலாம். பாதியில நிறுத்தக் கூடாது.

இங்கதான் கேஸ் மாத்திரையோட உண்மையான துரோகம். அதைப் போட்டுக்கிட்டே மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ பண்ணினா, கிருமி இருந்தாலும் இல்லைன்னு காட்டலாம். அதனால ரெண்டு வாரம் முன்னாடியே டாக்டரைக் கேட்டு நிறுத்தச் சொல்லுவாங்க. லாக் ஃபைலை அழிச்சிட்டு பக் எங்கேன்னு தேடற கதைதான். தொக்கம் எடுக்கிறவர் வியாதியைத் தொடறதே இல்ல. இந்த மாத்திரை வலியை அடக்கி, வியாதியை மறைச்சும் வைக்குது.

எங்க பெரியப்பா ஒருத்தர் சின்னமனூர்ப் பக்கம் வாழைத் தோட்டக்காரர். தார் தூக்கித் தூக்கி முழங்கால் போச்சு. ஒரு மெடிக்கல்ல வலி மாத்திரை குடுத்தாங்க. அது வயித்தைப் புடிச்சுது. அதே கடையில கேஸ் மாத்திரை குடுத்தாங்க. ரெண்டும் சேர்ந்து ஒரு வருஷம். நடுவுல ரெண்டு தடவை தொக்கமும் எடுத்தாச்சு. ஒரு நாள் தோட்டத்துல மயங்கி விழுந்துட்டார். வெளிக்கி தார் மாதிரி கறுப்பாப் போறதை மூணு வாரமா யார்கிட்டயும் சொல்லல. ஏன் பெரியப்பான்னா, "யாரும் கேக்கலையேப்பா"ன்னார். ரத்தம் ஏத்தி, என்டோஸ்கோப்பி பண்ணி, அல்சர்னு கண்டுபிடிச்சு, ஆளு பொழைச்சிட்டார். மனுசனைச் சாய்ச்சது அந்த வலி மாத்திரை. ஒரு வருஷத்துல ஒருத்தர்கூட "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"ன்னு கேக்கல.

"டாக்டர்கிட்ட போனாலும் அதே மாத்திரையைத்தானே எழுதறார்?"னு கேப்பீங்க. நியாயம். ரெண்டு நிமிஷத்துல எழுதித் தர்ற டாக்டருக்கும் மெடிக்கல் கடைக்கும் வித்தியாசம் ஃபீஸ் மட்டும்தான். அவரையும் இந்த லிஸ்ட்ல சேத்துக்கோங்க.

"ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்ல"ன்னு பேசறவங்களோட எனக்கு ஒத்தே வராது. விடியறதுக்கு முன்னாடி கம்பம், போடியில இருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுற அம்மாவை நினைச்சுப் பாருங்க. தூக்குவாளியில பழைய சோறு. திரும்பி வர சாயங்காலம். க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா தேனியையும் தாண்டிப் போகணும், ஒரு நாள் கூலி போச்சு. டெஸ்ட்டுக்கு ஒரு நாள், ரிசல்ட்டுக்கு ஒரு நாள். தொக்கம் எடுக்கிறவர் ஞாயித்துக்கெழமையும் இருப்பார், மெடிக்கல் ராத்திரி பத்து மணிக்கும் தெறந்திருக்கும். அந்தம்மா எடுக்கற முடிவு முட்டாள்தனமே இல்ல, கணக்குதான். கணக்கை மாத்தாம அறிவுரை சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

மாத்த முடியும். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை போச்சே. அப்படி வீட்டுக்கு வர்றவங்க நாலு கேள்வி சேர்த்துக் கேட்டா போதும்: எடை கொறையுதா? வெளிக்கி கறுப்பாப் போகுதா? முழுங்க முடியலையா? வலி மாத்திரை தெனமும் சாப்பிடுறீங்களா? ஒண்ணுக்கு ஆமான்னாலும் உடனே டாக்டர்கிட்ட அனுப்பணும். கிருமிக்கான மலப் பரிசோதனைக்கு தாலுகா ஆஸ்பத்திரியிலயே மாதிரி வாங்கணும். வாரத்துல ஒரு நாள் சாயங்காலம், ஜீப் திரும்பற நேரத்துக்கு ஓ.பி. வைக்கணும். மெடிக்கல்காரங்க மாசக்கணக்கா அட்டை வாங்கறவங்களை சீட்டு இல்லாம திருப்பி அனுப்பணும். இதுல எதுவும் ராக்கெட் விடற வேலை இல்ல.

நம்ம பங்குக்கு? வீட்டுல யாராவது ஒரு மாசத்துக்கு மேல "செமிக்கல"ன்னு சொன்னா, அந்த நாலு கேள்வியை நீங்களே கேளுங்க. திரும்பத் திரும்ப வாந்தி, ரத்தசோகை, குடும்பத்துல யாருக்காவது இரைப்பைப் புத்துநோய் - இதுல ஒண்ணு இருந்தாலும் தள்ளிப் போடாதீங்க. அறுவது வயசுக்கு மேல புதுசா ஆரம்பிச்சா என்டோஸ்கோப்பி பாத்துடணும்னு அமெரிக்க டாக்டர்கள் 2017ல சொன்னாங்க. நம்ம ஊர்ல பல டாக்டர்கள் அதைவிடச் சின்ன வயசுலயே பாக்கச் சொல்வாங்க. முக்கியமா, திடீர்னு நெஞ்சைப் புடிச்சு, வேர்த்து, "வாயு"ன்னு சொன்னா சோடா தேடாதீங்க. சர்க்கரைக்காரங்களா இருந்தா இன்னும் உஷார். 108ஐக் கூப்பிடுங்க. வாயுவா இருந்தா ஈசிஜி எடுத்துட்டு வீட்டுக்கு வந்துடலாம். மாரடைப்பா இருந்தா சோடா குடிச்ச நேரம் திரும்பக் கிடைக்காது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, கோடு எழுதறவன். இதைப் படிச்சு வைத்தியம் பண்ணிக்காதீங்க, இதுல இருக்கிற கேள்விகளை டாக்டர்கிட்ட கேளுங்க. சீரகத் தண்ணி, ஓமத் தண்ணி, சுக்குக் காப்பி ரசிகர்கள் கோவப்பட வேண்டாம். தாராளமாக் குடிங்க, நானும் குடிக்கிறேன். நாலு கேள்விக்குப் பதில் தெரிஞ்ச பிறகு குடிங்க, அவ்வளவுதான்.