காற்றில் வராத கரண்டு

வைஃபை காற்றில் வருகிறது, கரண்டு ஏன் வராது? ஈப்போ லிட்டில் இந்தியாவின் சாப்பாட்டுக் கடை மேசைகளிலும் இந்தக் கேள்வி கேட்கும். சிலர் ஒரு படி மேலே போய், விஞ்ஞானி டெஸ்லா அன்றே செய்து காட்டிவிட்டார், முதலாளிகள்தான் அமுக்கிவிட்டார்கள் என்பார்கள்.

வீடுகளுக்குக் காற்றில் கரண்டு அனுப்பி அவர் காட்டவில்லை. 1901-இல் அந்தக் கனவோடு நியூயார்க் அருகே ஒரு கோபுரம் கட்டத் தொடங்கினார்; பணம் போட்ட மார்கன் மேற்கொண்டு தர மறுத்தார்; 1917-இல் கோபுரத்தை இடித்துவிட்டார்கள். அது ஒரு வீட்டுக்குக்கூட விளக்கேற்றியதில்லை. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் தந்த செண்டேரோ அணை 1930-இல் இயங்கத் தொடங்கியபோது, கரண்டு கம்பியில்தான் போனது.

தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்கள் இந்த வாதத்தில் ஏமாறுவதுதான் வியப்பு. கோலாலம்பூரிலிருந்து தமிழ் ஒலிபரப்பு கம்பியில்லாமல் வந்தது. ஆனால் ரேடியோ பாட, கடையில் பேட்டரி வாங்கிப் போட வேண்டியிருந்தது. சேதியைத் தாங்கிவர அணுவளவு ஆற்றல் போதும். வேலை செய்ய அது போதாது.

கணக்கு எளிது. 10 வாட் ஆற்றலை எல்லாத் திசையிலும் பரப்பும் கருவியை அறையில் வைத்தால், 3 மீட்டர் தள்ளி இருக்கும் கைப்பேசியின் முதுகில் விழுவது சுமார் 1 மில்லிவாட். ஒரு துளிகூட வீணாகாமல் பிடித்தாலும், இன்றைய பேட்டரி நிரம்ப இரண்டு ஆண்டுக்கு மேலாகும், அதுவும் கைப்பேசியை அணைத்து வைத்தால். தூரம் இரட்டித்தால் கிடைப்பது கால் பங்கு.

கற்றையாகக் குவித்து அனுப்பலாமே? அனுப்பியிருக்கிறார்கள். 1975-இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு 30 கிலோவாட்டுக்கும் அதிகமாகப் போய்ச் சேர்ந்தது. அதற்கு 26 மீட்டர் அகலத் தட்டு வேண்டியிருந்தது. அதை எந்தத் தாமான் வீட்டு வரவேற்பறையில் வைப்பது?

காற்றுவழி மின்சாரம் பொய்யல்ல; நெடுஞ்சாலை டோலில் தினமும் நடக்கிறது. பழைய ஸ்மார்ட்டேக் கருவிக்குப் பேட்டரி வேண்டும். கார் கண்ணாடியில் ஒட்டும் ஆர்.எஃப்.ஐ.டி. ஒட்டிக்கு வேண்டாம், சாவடியின் ஆண்டெனா வீசும் அலையிலேயே விழித்துக்கொள்ளும். ஆனால் அதன் சில்லுக்குத் தேவை சுமார் 10 மைக்ரோவாட். கைப்பேசி சார்ஜருக்கு அதைப்போல் பத்து லட்சம் மடங்கு வேண்டும். கடையில் ‘வயர்லெஸ்’ என்று விற்கும் தட்டுகூட, கைப்பேசி மேலே படுத்திருந்தால்தான் வேலை செய்யும். சற்றுத் தூக்கினால் நின்றுவிடும். அதன் வயரோ சுவரில் இருக்கிறது!

இருந்தும் ஆசையை விற்பவர்கள் ஓயவில்லை. 2010-இல் ஆர்.சி.ஏ. பெயரில், வைஃபையைப் பிடித்து பேட்டரி ஏற்றும் டப்பா ஒன்றை லாஸ் வேகாஸ் கண்காட்சியில் காட்டினார்கள், கடைக்கு வரவில்லை. 2021 ஜனவரியில் சியோமி, சில மீட்டர் தூரத்திலிருந்து 5 வாட் தருவோம் என்று படம் காட்டியது. அந்தக் கருவியும் விற்பனைக்கு வரவில்லை. கைப்பேசிக்குத் தூரத்திலிருந்து சார்ஜ் என்று பல ஆண்டுகள் பேசிய அமெரிக்காவின் எனர்ஜஸ் நிறுவனம், இப்போது கடைச் சரக்குகளில் ஒட்டும் சின்ன உணரிகளுக்கு மின்சாரம் அனுப்பும் தொழிலுக்கு மாறிவிட்டது.