ஒரு கொட்டகை போதும்

ஃபைனல் இயர் புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்குறவங்களை நாம எல்லாருமே கிண்டல் பண்றோம். சாமானையும் செஞ்சு, ரிப்போர்ட்டும் பிரிண்ட் போட்டு, வைவாவுல என்ன சொல்லணும்னும் சொல்லித் தர்ற கடைகள் இருக்கு. வாங்குறவனைத் திட்டுறது சுலபம். ஆனா தானே செய்யணும்னு நினைக்கிறவன் எங்கே வெச்சுச் செய்வான்? ஒர்க்ஷாப்பை சாயங்காலம் நாலரைக்குப் பூட்டிடுறாங்க. ஹாஸ்டல் ரூம்ல வெல்டிங் பண்ண முடியாது. ஃபர்ஸ்ட் இயர்ல அரம் வெச்சு ஒரு 'வி' ஜாயின்ட் ராவினோம். நிறைய பேருக்கு இரும்போட இருந்த உறவு அதோட முடிஞ்சு போச்சு.

அதனால என் கருத்து இதுதான். நமக்கு ஏசியும் கண்ணாடிச் சுவரும் வெச்ச இன்னொரு இன்னோவேஷன் சென்டர் வேண்டாம். ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் திறந்திருக்கிற ஒரு கொட்டகை போதும். அதை நாமே பிளான் பண்ணி, நாமே கட்டணும்.

இதுக்கு ஒரு நல்ல மாடல் இருக்கு. அமெரிக்க கிராமங்கள்ல 'போல் பார்ன்'னு ஒரு கட்டடம் உண்டு. 1930களுக்கு அப்புறம் பரவினது. சுத்திலும் அஸ்திவாரம் தோண்டுறதில்லை. சுமார் எட்டு அடிக்கு ஒரு தூண், நாலஞ்சு அடி ஆழத்துல நட்டு, மேலே டிரஸ் ஏத்தி, தகர ஷீட் அடிச்சா முடிஞ்சது. வைக்கோலும் டிராக்டரும் வைக்கக் கட்டினது. இன்னிக்கு நிறைய பேர் அதைத்தான் சொந்த ஒர்க்ஷாப்பா வெச்சிருக்காங்க. நம்ம ஊர்ல பந்தக்கால் நடுறோமே, அடிப்படை அதேதான்.

அங்கே தூண் மரம். மண்ணுக்குள்ள மரம் மட்காம இருக்கணும்னா மருந்து ஏத்தணும். அதுக்கு உலகம் முழுக்கப் பயன்பட்ட தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலவையை 1933ல் கண்டுபிடிச்சவர் சொந்தி காமேசன். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துல வேலை பார்த்த இந்தியர். ஆர்செனிக் விஷம்ங்கிறதால, 2003 முடிவோட அமெரிக்காவுல வீட்டு உபயோக மரத்துக்கு அதை நிறுத்திட்டாங்க. நாம அந்த வம்புக்கே போக வேண்டாம். இங்கே கரையான் வேற இருக்கு. இரும்புக் குழாய்த் தூண் போதும். அது 6 மீட்டர் நீளத்துல வரும், வெட்டி வெல்டு பண்ணத் தெரிஞ்சவங்க தெருவுக்கு ஒருத்தர் இருக்காங்க.

பிளான் போடுறதுன்னா நாம உடனே ஆட்டோகேட்ல நாலு சுவர் வரைய ஆரம்பிச்சிடுவோம். அது தலைகீழ். முதல்ல உள்ளே என்ன நடக்கப் போகுதுன்னு எழுதணும். நீளமான கம்பியை லேத்துல போட்டா ஹெட்ஸ்டாக் பின்னாடி எவ்வளவு நீட்டும்? எட்டடிப் பலகையை அறுக்க, ரம்பத்துக்கு முன்னாடி எட்டடி, பின்னாடி எட்டடி வேணும். மரத்தூள் இருக்கிற இடத்துல வெல்டிங் பொறி பறக்கக் கூடாது. பாஹா வண்டி முழுசா வெளியே வர கதவு எவ்வளவு அகலம்? கிரவுண்டுல சுண்ணாம்புப் பவுடர் போட்டு, மெஷின் அளவுக்கே கோடு கிழிச்சு, நடுவுல நடந்து பாருங்க. எங்கே இடிக்குதுன்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

அடுத்தது கூரை. கூரையைத் தாங்குறதுதான் கஷ்டம்னு நினைப்போம். உண்மையில அதைப் பிடிச்சு வைக்கிறதுதான் கஷ்டம். 6க்கு 9 மீட்டர் கொட்டகை, 3 மீட்டருக்கு ஒரு தூண்னு வைங்க. நடுத்தூண் ஒண்ணுக்கு 9 சதுர மீட்டர் கூரை. ஷீட், பர்லின், டிரஸ் எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 15 கிலோன்னா, 135 கிலோதான் எடை. ஐஎஸ் 875 பகுதி 3 படி கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர். அழுத்தம் 0.6 × வேகத்தின் வர்க்கம். மத்த கோஎஃபிஷியன்ட் எல்லாம் 1ன்னு தோராயமா எடுத்தா, காத்து அந்த 9 சதுர மீட்டரை 840 கிலோ கணக்குல மேலே தூக்கும். எடையைக் கழிச்சா 705. இரண்டடிக்கு இரண்டடி, மூணடி ஆழக் குழியில கான்கிரீட் போட்டா அது சுமார் 775 கிலோ. தப்பிச்சோம், ஆனா சேஃப்டி ஃபேக்டர்னு பார்த்தா பத்தாது. இதே டிராயிங்கை சென்னைக்குக் கொண்டு போங்க. அங்கே வேகம் 50. தூக்குற விசை 1,380 கிலோ ஆகிடும். கூரை பறந்துடும்.

நாலு வருஷமா படிச்ச ஃபார்முலா, நம்ம தலைக்கு மேல இருக்கிற ஷீட் பறக்குமா பறக்காதான்னு சொல்லும்போதுதான் அது படிப்பு. தூணோட அடியில ஒரு குறுக்குக் கம்பி வெல்டு பண்ணலேன்னா கான்கிரீட் உள்ளே இருக்க, தூண் மட்டும் உருவிக்கிட்டு வரும்னு எந்த பரீட்சையிலயும் கேட்கல.

இந்த மாதிரிக் கொட்டகையில இன்னொரு வசதி, தரை எந்த பாரத்தையும் தாங்கல. அதனால இந்த வருஷம் தூணும் கூரையும், காசு சேர்ந்ததும் கான்கிரீட் தரை, அப்புறம் பக்கச் சுவர்னு பிரிச்சுக் கட்டலாம். மே மாச வெயில்ல தகரத்துக்குக் கீழே நிக்க முடியாதுங்கிறது நிஜம்தான். நீளப் பக்கம் வடக்கும் தெற்கும் பார்க்கணும், முகட்டுல சூடு வெளியேற இடைவெளி விடணும். சிவில், மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ மூணு டிபார்ட்மென்ட்டும் ஒரே டிராயிங்ல கையெழுத்துப் போட வேண்டிய வேலை இது.

"அடிபட்டா யார் பொறுப்பு?"ன்னு கேட்பாங்க. கேட்கவும் வேணும். கணக்கைத் தகுதியான ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போடாம ஒரு குழி தோண்டக் கூடாது. தனியா யாரும் மெஷின் ஓட்டக் கூடாது. 30 மில்லி ஆம்பியர்ல டிரிப் ஆகுற பிரேக்கர், கைக்கெட்டுற எமர்ஜென்சி ஸ்டாப் இல்லாம கரன்ட் வரக் கூடாது. சாயங்கால ஷிஃப்டுக்கு ஒரு லேப் இன்ஸ்ட்ரக்டர் அண்ணாவுக்குத் தனியா சம்பளம் கொடுக்கணும், ஓசியில நிக்க வைக்கக் கூடாது. பூட்டி வெச்சா யாருக்கும் அடிபடாது, சரி. பாதுகாப்பா வேலை செய்யத் தெரியாமலே டிகிரி வாங்கிட்டு, நேரா ஃபேக்டரி தரையில போய் நிப்போமே, அந்த ஆபத்துக்கு யார் பொறுப்பு?

நாங்க இன்னும் சில மாசத்துல கிளம்பிடுவோம். இந்தக் கொட்டகையில எங்க பேட்ச் ஒரு நட்டு கூட முறுக்கப் போறதில்லை. அதனால தேர்ட் இயர் மக்களே, மினி புராஜெக்ட்டுக்கு டைட்டில் தேடிக்கிட்டு இருந்தா இதை எடுத்துக்கங்க. டிராயிங், காற்றுக் கணக்கு, எஸ்டிமேட் மூணையும் சேர்த்து பிரின்சிபால் மேஜையில வைங்க. வெறும் கோரிக்கை மனுவை ஓரமா வெச்சிடலாம். கணக்கோட வர்ற டிராயிங்குக்கு ஏதாவது ஒரு பதில் சொல்லித்தான் ஆகணும்.