மலையேற பாஸ் யாருக்கு?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. மலை தாங்கும் அளவுக்கே வண்டி ஏற வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை.

நமது கல்வராயன் மலையிலும் மேகம் அருவிக்கு வெளியூர்க் கூட்டம் வருகிறது. நாளை இங்கும் பாஸ் பேச்சு எழலாம். அதற்குமுன் 2020-ஐ நினைத்துப் பார்ப்பது நல்லது.

கொரோனா காலத்தில் கள்ளக்குறிச்சி ஒரு மண்டலம், சேலம் வேறு மண்டலம். வெள்ளிமலை நம் மாவட்டம், கருமந்துறை சேலம் மாவட்டம், மலை ஒன்றுதான். சரக்கு லாரிக்குத் தடையில்லை. மொபெட்டில் வந்து அரை மூட்டை சர்க்கரையும் ஒரு டின் எண்ணெயும் கட்டிக்கொண்டு போகும் கருமந்துறைப் பக்கத்துக் கடைக்காரருக்குத்தான் இ-பாஸ் வேண்டியிருந்தது. சிக்னல் கிடைக்காத ஊரில் அவர் எங்கே போய் எடுப்பார்? ஆகஸ்டு 31 வரை நம் பேரேட்டில் அவர்கள் பக்கம் வெறுமையாகவே கிடந்தது. நமக்கு வியாபார நஷ்டம். அவர் ஊருக்கோ அடுப்புச் சங்கடம்.

அருணாசலம், நாகாலாந்து, மிசோரம் மாநிலங்களில் 1873-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிச் சீட்டு உண்டு. அது வெளியாருக்கு, மண்ணின் மக்களுக்கு அல்ல. நீலகிரியிலும் உள்ளூர் வண்டிக்கு விலக்கு உண்டு. இங்கே பாஸ் வந்தால், 'உள்ளூர்' என்பதில் மலையின் இரு மாவட்டத்தாரும் சேர வேண்டும். சரக்கெடுக்க வருபவருக்குக் கடை பில்லே போதும் என்றாக வேண்டும்.

உத்தரவு வந்தபின் ஓடுவதில் பயனில்லை. சங்கம் இப்போதே இரு கலெக்டர்களிடமும் மனுக் கொடுக்கட்டும். வெள்ளம் வருமுன் அணை போடுவதே வியாபாரிக்கு அழகு.