பாரிஸ் நகரத்துப் பந்தி

அயல்நாட்டில் வாழச் செல்வோர் முதலிற் கற்க வேண்டியது அந்நாட்டு மொழி என்பர். பிரான்சில் மொழியோடு உண்ணும் முறையையும் கற்க வேண்டும். பாரிஸ் நகரிலே நாம் சில காலம் தங்கியிருந்தபோது இதனை நன்கு உணர்ந்தோம்.

நம் நாட்டுப் பந்தியிலே சோறும் கறிகளும் ஓர் இலையில் ஒருங்கே வந்துவிடும். பிரெஞ்சுக்காரரின் விருந்திலோ ஒவ்வொன்றும் தன் முறை வரும்வரை காத்திருக்கும். முதலிற் சிறியதொரு தொடக்க உணவு, அடுத்து மரக்கறியுடன் மீனோ இறைச்சியோ, பின்னர்ப் பாற்கட்டி, ஈற்றில் இனிப்பு. பாணைப் பெரும்பாலும் பீங்கானில் வையார்; மேசை விரிப்பின்மீதே வைத்துக் கையாற் பிய்த்து உண்பர். இடக்கையை மடியில் வைத்து அடக்கமாய் அமர்வது அங்கே மரியாதையாகாது. இரு மணிக்கட்டுகளும் மேசைமேல் தெரிய வேண்டும்.

சைவ உணவினர் சிறிது விழிப்பாயிருத்தல் நன்று. வெங்காய சூப் என்ற பெயரைக் கேட்டு மகிழ்ந்துவிடலாகாது. அது வழக்கமாக மாட்டிறைச்சிச் சாற்றிலே ஆக்கப்படுவது. பாற்கட்டியிலும் பல வகைகள், கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளினால் உறையவைக்கப்படுவன. வினவி அறிந்து உண்பதே தக்கது.

இவை யாவற்றிலும் நம்மைக் கவர்ந்தது, உணவுக்கென அம்மக்கள் ஒதுக்கும் நேரமேயாகும். சிற்றூர்களிலே நண்பகலிற் கடைகள் பல பூட்டப்படும். வேலை செய்யும் இடத்திலேயே தொழிலாளரை உண்ணவிடலாகாது என அவர்தம் தொழிற்சட்டம் விதிக்கின்றது. 2021 இல், கொள்ளைநோய்க் காலத்திலே, அவ்விதி தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது. 2010 இல் யுனெஸ்கோ தாபனம் பிரெஞ்சு விருந்து முறையைப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபோது, குறித்த கறி எதனையும் சேர்க்கவில்லை. வாழ்வின் முக்கிய நாள்களில் உற்றார் கூடியிருந்து உண்ணும் வழக்கத்தையே சேர்த்தது.

இனி, சமையற்கூடத்தின் உள்ளே நோக்குவோம். போரினாற் பெயர்ந்து சென்ற நம்மவர் பலர், பாரிஸ் உணவுச்சாலைகளிலே பீங்கான் கழுவத் தொடங்கிச் சமையற்காரராய் உயர்ந்தனர். 2023 இல், இலங்கையிலிருந்து சென்ற தர்ஷன் செல்வராஜா, பாரிஸின் சிறந்த பாணுக்கான போட்டியிலே முதற்பரிசு பெற்றுச் சனாதிபதி மாளிகைக்கு ஓராண்டு பாண் வழங்கும் சிறப்பினையும் அடைந்தார். நாமும் பெருமை கொள்கின்றோம்.

ஆயினும், பிறர் இரண்டு மணி நேரம் அமர்ந்து உண்பதற்காக உழைக்கும் நம்மவர் தம் இல்லத்திலே எங்ஙனம் உண்கின்றனர்? நாம் சென்ற வீடுகள் சிலவற்றிலே தந்தை நள்ளிரவில் வந்து அடுப்படியில் நின்றபடியே உண்டார்; தாய் விடியுமுன் வேலைக்குப் புறப்பட்டார்; பிள்ளைகள் தனித்தனியே தொலைக்காட்சி முன் அமர்ந்தனர். லாச்சப்பல் கடைத்தெருவில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கின்றன; அவ்வீடுகளிலும் நம் கறிகளுக்குக் குறைவில்லை. ஒருசேர இருந்து உண்ணும் வேளைதான் இல்லை.

அவ்வுழைப்பை நாம் பழிக்கவில்லை. அதன் பயனால் இங்கே எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. எனினும், உணவுச்சாலை பூட்டப்படும் அந்த ஒரு நாளிலேனும் தந்தையும் தாயும் பிள்ளைகளும் கைத்தொலைபேசியை அப்பால் வைத்து ஒரே மேசையில் அமரட்டும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நம் வீடுகள் பலவற்றின் நிலை வேறன்று. வரும் ஞாயிற்றுக்கிழமை மதிய உணவை நாமும் அவ்வாறே உண்போமாக.