செம்பு வெளியேறாத உடல்



எங்கள் கயத்தாற்றுப் பக்கத்தில் செம்புக் குடத்து நீருக்குத் தனி மதிப்பு உண்டு. இப்போது செம்புப் புட்டியும் நாகரிகமாகிவிட்டது. உணவின் வழியே நாளொன்றுக்கு ஓரிரு மில்லிகிராம் செம்பு நம் உடலில் சேர்கிறது. தேவைக்கு மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீருடன் கலந்து வெளியே தள்ளிவிடும்.

ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு இந்த மடை திறப்பதில்லை. 13ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் பழுதே காரணம். வெளியேற வழியில்லாத செம்பு கல்லீரலில் படியும். பிறகு மூளைக்கும் செல்லும். பலருக்குக் கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையமாகவும் தெரியும். 1912இல் லண்டனில் கின்னியர் வில்சன் இதை விவரித்ததால் இது வில்சன் நோய் எனப்படுகிறது. அந்நாளில் இதற்கு மருந்தில்லை. 1956இல் ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பெனிசிலமைன் என்ற பொருள் செம்பைப் பற்றிக்கொண்டு சிறுநீருடன் வெளியேறுவதைக் காட்டினார். டிரையென்டைனும் துத்தநாக உப்புகளும் பின்னர் வந்தன. துத்தநாகம் செம்பைக் குடலிலேயே மடக்கிவிடும்.

ஆகவே உயிர் பிழைத்தது. கணக்கு முடிந்ததா? முடியவில்லை என்பதே என் கருத்து. நோயாளி எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பதோடு, அந்த ஆண்டுகளை எப்படிக் கழித்தார் என்பதையும் பார்க்க வேண்டாமா?

மாத்திரையை நாள்தோறும், வெறும் வயிற்றில், ஆயுள் முழுதும் விழுங்க வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நிறுத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து. பெனிசிலமைன் தொடங்கியதும் சிலருக்கு நடுக்கம் கூடுவதும் உண்டு. ஈரல், சிப்பி, நண்டு, முந்திரி, சாக்லேட் இவற்றை, சிறப்பாக முதல் ஆண்டில், ஒதுக்க வேண்டும். தூத்துக்குடிக் கடற்கரை வீட்டில் நண்டுக் குழம்பு மணக்கும்போது ஒரு சிறுவன் மட்டும் ரசம் சோற்றோடு எழுந்திருப்பதை எண்ணிப் பாருங்கள்.

இதைவிடக் கொடியது, நோய் இன்னதென்று தெரியாமல் கழியும் காலம். பள்ளி வயதில்தான் பலருக்கு இது தலைகாட்டும். முத்துமுத்தாக எழுதிய கை கிறுக்கும், பேச்சு குழறும், எச்சில் வடியும், மதிப்பெண் சரியும். ஆசிரியர் சோம்பேறி என்பார். தெருவில் சிரிப்பார்கள். வீட்டில் மந்திரிக்க அழைத்துப் போவார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் முப்பது ஆண்டுகளில் பார்த்த 282 வில்சன் நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2007இல் வெளியாயிற்று. ஆகவே இது எங்கோ அயல்நாட்டில் மட்டும் உள்ள நோயன்று.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்தால்தான் நோய் உண்டாகும். தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் நம் வழக்கம் இதற்கு இடம் கொடுக்கிறது. ஒரு பிள்ளைக்கு நோய் என்றால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அறிகுறி தோன்றுமுன் மருந்து தொடங்கினால் அவர்கள் மற்றவர்களைப் போலவே வாழலாம். ஆனால் தங்கையின் கல்யாணம் தடைபடும் என்று நோயையே மறைக்கிறார்கள்! மறைப்பதால் அந்தத் தங்கையின் பரிசோதனையும் அல்லவா தடைபடுகிறது?

மாத்திரைக்காகப் பெங்களூருக்கு ரயில் ஏறும் நிலை எவருக்கும் கூடாது. மாவட்ட மருத்துவமனையில் அது தடையின்றிக் கிடைக்க வேண்டும். கை நடுங்கும் மாணவனுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் தர வேண்டும். பாடவேளை நடுவே ஒருவன் எழுந்து மாத்திரை போட்டுக்கொண்டால், ஏன் என்று கேட்காமல் தண்ணீரை நகர்த்தி வையுங்கள்.